ஒச்சாயி மிதித்த முதுகு

பழங்காநத்தம் கடைத்தெருவில் ஒச்சாயி யாரையாவது பின்னாலிருந்து கூப்பிட்டால், அவரிடம் அவளுக்கு எந்த வேலையும் இருக்காது. "அண்ணே" என்பாள். அவர் திரும்புவார். வேறு யாரோ என்று நினைத்துவிட்டதாகச் சொல்லி நடையைக் கட்டுவாள். அதற்குள் அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்திருப்பாள். கழுத்து மட்டும் திரும்பியதா, இல்லை உடம்பு மொத்தமும் சேர்ந்து திரும்பியதா என்பதுதான் அது. கழுத்து மட்டும் திரும்பினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும்.

புருஷன் செத்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அவளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு மனுஷிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டப் பழங்காநத்தத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஏன் இப்படிக் கூப்பிடுகிறாய் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவள் கூப்பிட்டவர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் அவள் காலடியில் குப்புறப் படுத்தவர்கள் என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒச்சாயி கால் முன்னே வந்து பிறந்தவள். சோழவந்தானுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அவளைப் பெற்ற மலையம்மாள் விடிய விடியத் துடித்தபோது, தலை வர வேண்டிய இடத்தில் இரண்டு பிஞ்சுக் கால்கள் வந்தன. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் முதுகுப் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நடக்கப் பழகியதுமே அவளைத் தூக்கிக்கொண்டு போய் யார் முதுகிலாவது இறக்கிவிட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறியதோ இல்லையோ, ஊரில் இருந்த முதுகெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மிதிப்பதற்கு முறை உண்டு. பிடிப்பு வந்தவர் பாயில் குப்புறப் படுக்க வேண்டும். மிதிப்பவள் இடுப்பில் கால் வைத்துத் தோள்பட்டை வரை ஏறி இறங்க வேண்டும். அவளுக்குக் கைம்மாறு எதுவும் தரக் கூடாது, நன்றிகூடச் சொல்லக் கூடாது. எழுந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். முக்கியமாக, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. சொன்னால் விட்டுப்போன பிடிப்பும் கூடவே திரும்பி வந்துவிடுமாம். வந்தவரை வாய் நிறைய "வாங்க" என்று கூப்பிட்டு, "போயிட்டு வாரேன்" என்று கேட்ட பிறகே வழியனுப்புகிற ஊரில், ஒச்சாயி வீட்டு வாசலில் மட்டும் ஆட்கள் ஊமைகளாகப் படியிறங்கிப் போவார்கள்.

அவளைக் கட்டிய முத்திருளன் பழங்காநத்தத்தில் ஒரு லாரி செட்டில் மூட்டை தூக்குகிற ஆள். நல்ல வாட்டசாட்டம். பிடரியில் மூட்டையை வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறும்போது கால் நடுங்காது. கல்யாணமான சில வருஷத்தில் அவனுக்கு இடுப்பில் வலி தொடங்கியது. அதுவும் எப்படிப்பட்ட வலி? ஊரில் எல்லாருக்கும் வேலை செய்தால் வலிக்கும், படுத்தால் சரியாகும். இவனுக்குப் படுத்தால் வலிக்கும், வேலை செய்யச் செய்யச் சரியாகும். விடியற்காலையில் மரக்கட்டையாக விறைத்துக் கிடப்பான். பாயை விட்டு எழவே சுவரைப் பிடிக்க வேண்டும். செட்டுக்குப் போய் நாலு மூட்டை இறக்கிய பிறகுதான் மனுஷனாவான். அங்கே இருந்தவர்களுக்கு இது நல்ல கேலியாகிவிட்டது. முத்திருளனுக்கு வந்திருப்பது சீக்கு இல்லை, முதலாளி வைத்த சூனியம் என்றார்கள்.

வீட்டிலேயே கைராசிக்காரி, இல்லை, கால்ராசிக்காரி இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? ஒச்சாயி தினமும் காலையில் அவனைக் குப்புறப் போட்டு மிதித்தாள். மற்றவர்களுக்கு ஒரு தரமோ இரண்டு தரமோதான். புருஷனுக்கு வருஷக்கணக்கில். அவனும் மற்றவர்களைப் போலவே 'வாரேன்' சொல்லாமல்தான் வேலைக்குப் போவான். அடுப்பில் உலை வைத்துவிட்டு வருவாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவன் மேல் ஏறுவாள். முதுகெலும்பின் கண்ணிகள் அவள் உள்ளங்காலுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். காலடியில் ஒரு கண்ணி நகரும்போது 'சடக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் பிடிப்பு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சத்தம் கேட்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். சத்தம் போகும் வரை மிதிக்க வேண்டும் என்பது கணக்கு.

சத்தம் போனது. முதலில் இடுப்பில் நின்றது. பிறகு வருஷம் போகப் போக மேலே மேலே அடங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அவன் முதுகில் ஏறி இறங்கினால் ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை, வழவழவென்று ஒரே தடமாக இருந்தது. வலியும் விட்டுவிட்டது என்றான் முத்திருளன். ஆனாலும் காலையில் பாயில் குப்புறப் படுப்பதை விடவில்லை. ஒச்சாயிக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷனைக் காலாலேயே குணமாக்கினவள் என்று பேர் பரவி, பசுமலையிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஒன்றிரண்டு விஷயங்களை அவள் பார்க்காமல் இல்லை. முத்திருளனுக்கு முதுகு லேசாகக் கூனியிருந்தது. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி உடம்பையே சாய்ப்பான். பின்னாலிருந்து கூப்பிட்டால் கதவு திரும்புகிற மாதிரி மொத்தமாகத் திரும்புவான். மூட்டை தூக்கிக் கூன் விழாதவன் எவன் என்று அவள் விட்டுவிட்டாள். வலி இல்லையே, அது போதாதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளித்துவிட்டு வரும்போது முத்திருளன் துணி துவைக்கிற கல்லில் தடுக்கி விழுந்தான். முழங்கால் உயரம்கூட இல்லாத கல். பச்சைப்பிள்ளை விழுந்தால்கூட எழுந்து ஓடியிருக்கும். அவன் எழவில்லை. கையும் காலும் யாருடையதோ போலக் கிடந்தன. பேச்சு மட்டும் இருந்தது. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, அடுப்பை அணைத்தாயா என்று அவளைக் கேட்டான்.

அங்கே டாக்டர் சுஃபியா என்று ஒருத்தி. முனிச்சாலைப் பக்கத்துப் பெண், மூட்டு நோய்களைப் பார்க்கிற டாக்டர். அவள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து ஒச்சாயியைக் கிட்டே கூப்பிட்டாள். கண்ணி கண்ணியாக இருக்க வேண்டிய முதுகெலும்பு இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒன்றாக ஒட்டி, கணு தெரிகிற மூங்கில் போல் நின்றது. கழுத்தில் அந்த மூங்கில் ஓரிடத்தில் முறிந்திருந்தது. வளையத் தெரியாத எலும்பு சின்ன விழுகைக்கே முறிந்துவிடும் என்றாள் டாக்டர்.

ஒச்சாயிக்குப் புரிகிற மாதிரி நிதானமாகவே சொன்னாள். கண்ணிகளை இழுத்துப் பிடித்திருக்கிற நார்கள் எலும்பில் வேர் விட்டிருக்கிற இடங்கள் உண்டு. சில பேருக்கு, வம்ச வழியாக, அந்த இடங்களில் தானாகவே அழற்சி வரும், உள்ளுக்குள் வீங்கிக் கொதிக்கும். கொதிக்கிற இடத்தில் பாரம் விழ விழ, நார் இழுபட இழுபட, உடம்பு அதைக் காயம் என்று நினைத்துப் பழுது பார்க்கக் கிளம்பும். நாரை வைத்துத் தைக்க வேண்டிய இடத்தில் எலும்பை வைத்துப் பூசிவிடும். கதவு நிலையில் விரிசல் விட்டது என்று கொத்தனார் சிமெண்டைப் பூசிப் பூசிக் கடைசியில் கதவையே திறக்க முடியாமல் செய்வது போலத்தான். முழுக்கப் பூசி முடித்த பிறகு பல பேருக்கு வலி குறையும். குணமானதால் குறைவது இல்லை, அசைய அங்கே எதுவும் மிச்சமில்லாததால் குறைவது.

தான் மிதித்ததை ஒச்சாயி சொன்னாள். எத்தனை வருஷம், எந்த இடத்தில், எப்படி என்று ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டுக் கேட்டாள், "இது என் காலால வந்ததா டாக்டரம்மா?"

சுஃபியா பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு பொய்க்கு யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற ரகம் அவள். "நோய் உங்க காலால வரலம்மா. அது அவரு உடம்புல இருந்தது. அவரு தூக்குன மூட்டைக்கும் இதுல பங்கு இருக்கலாம். எலிகளுக்கு இந்த நோயை வரவச்சுப் பாத்திருக்காங்க. பின்னங்கால் தரையில படாம தூக்கியே வச்சிருந்த எலிகளுக்கு அந்த எடத்துல வீக்கமே பெருசா வரல. பாரம் விழுந்தாத்தான் தீ நல்லா பத்துதுன்னு அதுல தெரிஞ்சது. அதனால உங்க மிதிக்குப் பங்கே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எம்புட்டுன்னும் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது."

முத்திருளன் அந்த வாரமே மூச்சுத் திணறிச் செத்துப்போனான். டாக்டர் சொன்னதை ஒச்சாயி ஒருவரிடமும் சொல்லவில்லை, மகள் பவதாரிணியிடம்கூட.

அதோடு மிதிப்பதை விட்டாள். முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தாலி அறுத்தவள் காலில் சக்தி நிற்காது என்று பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் தெருவுக்கே விளக்கம் சொன்னாள். ஒச்சாயி மறுக்கவில்லை. அவளுக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது.

ஆனால் கால் அவளை விடவில்லை. காலையில் பாயிலிருந்து எழுந்து தரையில் கால் வைத்தால், சிமெண்டுத் தரை இளஞ்சூடாக இருக்கும். அடியில் ஒரு முதுகு மூச்சு விடும். அவள் சட்டென்று காலைத் தூக்கிக்கொள்வாள். சில நாள் அடுப்படிக்குச் சுவர் ஓரமாகக் குதிகாலை ஊன்றாமல் போவாள், யாரோ படுத்திருக்கிற இடத்தைத் தாண்டுகிறவள் போல. தூக்கிக் கட்டப்பட்ட எலிகளை நினைப்பாள். தன் காலையும் யாராவது பிறந்த அன்றைக்கே அப்படிக் கட்டி வைத்திருந்தால் என்ன? இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அப்போதுதான் தான் மிதித்த மற்ற முதுகுகளின் ஞாபகம் வந்தது. கடைத்தெருவில் பின்னாலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள்.

இறைச்சிக் கடைக்காரர் திரும்பினார், கழுத்து மட்டும் திரும்பியது. கரண்டு ஆபீஸ்காரர் திரும்பினார், நல்லபடியாகத்தான். மிதிபட்ட ஒருவரும் முத்திருளன் மாதிரி ஆகவில்லை. அவர்களுக்கெல்லாம் உள்ளே அந்தத் தீ இல்லை, வெறும் சுளுக்கு. அவள் மனசு மெல்ல ஆறத் தொடங்கியது.

போன ஐப்பசியில் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பிய பவதாரிணி டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டாள். படித்த பிள்ளை, ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை. ஒச்சாயி வாசலில் நின்று கூப்பிட்டாள். பவதாரிணி திரும்பினாள். தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து, கதவு திரும்புகிற மாதிரி.

ஒச்சாயியின் கையிலிருந்த டிபன் பாக்ஸ் கீழே விழுந்து சோறு சிதறியது.

அப்புறம் கவனித்தபோது எல்லாம் தெரிந்தது. காலையில் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கடையில் உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு விறைக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் வலி கூடுகிறது என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் முத்திருளன் சொன்னது. குரல் மட்டும்தான் வேறு. செத்த மனுஷன் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்து மகள் முதுகில் பாய் விரித்துப் படுத்துவிட்டது போலிருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அவளுக்கும் தெரியும். ஆனால் போனால் சுஃபியா டாக்டர் பழைய கதையைப் பேசுவாள். "அப்பா முதுகை அம்மா மிதிச்சாங்கல்ல" என்பாள். மகள் திரும்பித் தன்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒச்சாயி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தைலம் தடவினாள், நாளைக் கடத்தினாள். தாய் இப்படியும் இருப்பாளா என்றால், இருப்பாள். இவள் இருந்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் பவதாரிணி தானே பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள். சுவரோரம், அப்பா படுக்கிற அதே இடத்தில். மிதிக்கச் சொன்னாள். ஒச்சாயி முடியாது என்றாள். சோலையம்மாள் சொல்கிற சக்தி, தாலிக் கதையெல்லாம் தனக்கு வேண்டாம் என்றாள் மகள்.

"அப்பாவுக்கு மட்டும் மிதிச்ச. எனக்கு மிதிக்க மாட்டியா? சரி விடு. பசுமலையில தங்கப்பொண்ணுன்னு ஒரு அக்கா இருக்காம், அதுவும் உன்னைய மாதிரி பெறந்ததுதானாம். அங்க போறேன்."

கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியாமல் பாதியில் நின்றாள். அந்தப் பாதியில் அவள் முகத்தில் வந்த வலியைப் பார்த்த பிறகு ஒச்சாயியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். படம், மூங்கில், நார், தீ, எலி எல்லாவற்றையும் சொன்னாள். சத்தம் நின்றதைக் குணம் என்று நினைத்ததைச் சொன்னாள்.

"ஒங்கப்பனை எலும்பாக்குனது நாந்தான் தாயி. எம்புட்டுன்னு தெரியாது. ஒன்னைய மிதிக்க மாட்டேன். யாரையும் மிதிக்க விடவும் மாட்டேன். என்னைய என்ன வேணாலும் நெனச்சுக்க."

பவதாரிணி மறுபடி பாயில் முகம் கவிழ்த்துக்கொண்டாள். திட்டுவாள் என்று ஒச்சாயி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்கு வலி எப்பவோ போயிருச்சும்மா" என்றாள் கடைசியில். "நான் பிளஸ் டூ படிக்கிறப்பவே எங்கிட்ட சொன்னாரு. மிதிக்க வேணாம்னு சொல்ல வேண்டியதுதானப்பான்னு கேட்டேன். மிதிக்கிற நேரத்துலதான் ஒங்கம்மா சிரிச்ச மொகமா இருக்கா, அதைக் கெடுக்கச் சொல்றியான்னாரு."

ஒச்சாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் தன் காலுக்கு அடியில் கிடந்தவன் குப்புறப் படுத்துக்கொண்டே தன் முகத்தைப் பார்த்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்ததில் பாரம் இறங்கவில்லை, கூடத்தான் செய்தது. ஆனாலும் அன்றைக்கே இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

சுஃபியா பழைய கதை எதையும் பேசவில்லை. ஸ்கேனைப் பார்த்து, இடுப்பு மூட்டில் கொதிப்பு இருக்கிறது, கழுத்துப் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, இன்னும் எலும்பாகவில்லை என்றாள். 'இன்னும்' என்ற வார்த்தையை ஒச்சாயி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தீயைக் குறைக்க மாத்திரையும் ஊசியும். அதோடு தினமும் உடற்பயிற்சி. அசையாமல் வைத்திருப்பதும் ஆகாது, மேலே பாரம் ஏற்றுவதும் ஆகாது, அவளாகவே அளவாக அசைத்துப் பழக வேண்டும். இவ்வளவு செய்தாலும் எலும்பு வளராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

இப்போது காலையில் அந்தப் பாயில் பவதாரிணி கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலே வளைத்து, கீழே இறக்கிப் பயிற்சி செய்கிறாள். ஒச்சாயி அடுப்படி வாசலில் நின்றுகொள்வாள். பாயின் பக்கம் கால் வைக்க மாட்டாள். ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாசி கடைசியில் ஒரு நாள் மகளின் முதுகிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. 'சடக்'. தேடித் தேடி மிதித்து அவள் விரட்டியடித்த அதே சத்தம். ஒச்சாயி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் வளை தாயி" என்றாள்.

சத்தம் கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் கெட்டது என்று அப்படிக் கணக்கு எதுவும் இல்லை என்று பவதாரிணி சொல்லிப் பார்த்தாள். டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தாள். ஒச்சாயி தலையாட்டினாள். மறுநாளும் வந்து அதே இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

தரையில் கால் வைத்தால் இன்னமும் சில காலைகளில் அந்த முதுகு இருக்கிறது. இப்போது அவள் காலைத் தூக்கிக்கொள்வதில்லை. பாரம் ஊன்றாமல், லேசாக, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு நகர்கிறாள்.

கடைத்தெருவில் ஆட்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ஒருத்தியைத்தான் கூப்பிடுகிறாள். பவதாரிணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போகட்டும் என்று காத்திருந்து, வாசலிலிருந்து "பவா" என்று குரல் கொடுக்கிறாள். எதற்கு என்று மகளுக்குத் தெரியும். அலுத்துக்கொள்ளாமல் நிற்கிறாள். கழுத்தைத் திருப்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, அவள் அப்பா ஒரு நாளும் சொல்லாமல் போன வார்த்தையைச் சொல்கிறாள்.

"போயிட்டு வாரேம்மா."

இன்றைக்கும் கழுத்து மட்டும்தான் திரும்பியது. ஆனால் இடது தோளும் ஒரு துளி கூடவே அசைந்த மாதிரி இருந்ததே? வெயில் கண்ணில் அடித்ததில் ஒச்சாயிக்குச் சரியாகத் தெரியவில்லை. மகள் திருப்பத்தில் மறைந்த பிறகும் வாசலிலேயே நிற்கிறாள்.